ஏர் ஃபிரையர் முதல் இண்டக்‌ஷன் வரை: வாங்குவதற்கு முன் வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு

சமையலறைக்குப் புதிதாக ஒரு மெஷின் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்றுதான். மாடல் கடைசியில் வரட்டும். உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், மேடையில் எவ்வளவு இடம் இருக்கிறது, பாத்திரம் துலக்குவது யார், கரண்ட் பில் எந்த அடுக்கில் நிற்கிறது, இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்தால் பாதி மெஷின்கள் பட்டியலிலிருந்து தாமாகவே கழன்றுவிடும். மிச்சமிருப்பதில் எது நல்லது என்று பார்த்தால் போதும்.

என் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் ஏற்கெனவே வாராவாரம் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையை அந்த மெஷின் வாங்கிக்கொள்கிறதா? ஆம் என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். "இது வந்தால் புதிது புதிதாகச் செய்யலாம்" என்பதுதான் காரணம் என்றால், பரணில் இப்போதே இடம் ஒதுக்கிவிடலாம்.

படி 1: ஒரு வாரத்து வேலையை எழுதுங்கள்

காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். திங்கள் முதல் ஞாயிறு வரை என்ன சமைத்தீர்கள் என்பதை விட, எந்த வேலையின்போது அலுப்பாக இருந்தது என்பதை எழுதுங்கள். சின்ன வெங்காயம் உரித்ததா, மாவு அரைத்ததா, அடுப்பருகே நின்று விசில் எண்ணியதா, ஆளுக்கொரு நேரம் சாப்பிட வருவதால் குழம்பை நாலு தடவை சூடு பண்ணியதா?

எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும். பல வீடுகளில் நேரத்தைத் தின்பது அடுப்பே அல்ல. உரிப்பது, நறுக்குவது, துலக்குவது, இவைதான். கடையில் பளபளப்பாக அடுக்கி வைத்திருக்கும் மெஷின்களில் முக்கால்வாசி சூடு பண்ணும் மெஷின்கள். சின்ன வெங்காயத்தை அலுங்காமல் உரித்துத் தரும் மெஷினை வீட்டுக்கென்று யாராவது உருப்படியாகச் செய்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

மிக்ஸியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1960-களில் மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி பயன்படுத்திய ஜெர்மன் மிக்ஸி பழுதாகி நின்றது. காய்ந்த மசாலாவையும் ஊறவைத்த பருப்பையும் அரைக்கும் பாட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் அல்ல அது. வலுவான மோட்டார் வைத்து அவர் செய்ததுதான் பிறகு சுமீத் மிக்ஸியாக வந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தினமும் வாங்கிய உழைப்பை அது நேராக எடுத்துக்கொண்டது. 2011-க்குப் பிறகு தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுத்தபோதும் "இதை வைத்து என்ன செய்வது?" என்று யாரும் கேட்கவில்லை. வேலை ஏற்கெனவே இருந்தது, மெஷின் பின்னால் வந்தது. வாங்கப்போகும் மெஷினுக்கும் அப்படி ஒரு வேலை உங்கள் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: இருப்பதை வைத்தே முடியுமா?

சப்பாத்தி மாவு பிசைவதுதான் தொல்லை என்று வைத்துக்கொள்வோம். தனி மெஷின் தேடுவதற்கு முன், டேபிள் டாப் கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். மாவு பிசையும் துடுப்பும் தேங்காய்த் துருவியும் பல மாடல்களோடு சேர்ந்தே வருகின்றன. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கும். மிக்ஸியோடு வந்த சின்ன சட்னி ஜாரும் பல வீடுகளில் இதே கதிதான்.

கேக் செய்ய ஓடிஜி (மேடையில் வைக்கும் மின்சார ஓவன்) வேண்டும் என்றால், முதலில் பழைய குக்கரில் விசிலையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணலோ உப்போ பரப்பி, நாலைந்து முறை செய்து பாருங்கள். அதற்கப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால் அது உண்மையான ஆசை.

படி 3: மேடை, பிளக், துலக்குதல்

மேடையில் நிரந்தர இடம் இல்லாத மெஷின் ஓடாது. அலமாரியிலிருந்து தூக்கி, தூசி தட்டி, ஒயரை அவிழ்த்து என்று மூன்று வேலை சேர்ந்தால், வாணலியே மேல் என்று கை போய்விடும். ஏர் ஃபிரையருக்குப் பின்பக்கம் சூடான காற்று வெளியேறும், ஆகவே சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். மேலே மர அலமாரி தாழ்வாக இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவெடுத்து, அந்த அளவில் ஒரு அட்டைப்பெட்டியை மேடையில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். இடிக்கிறதா, இல்லையா என்று வீடே சொல்லிவிடும்.

பிளக் விஷயத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. வீட்டிலுள்ள சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது சுமார் 1,380 வாட். ஏர் ஃபிரையர் பெரும்பாலும் 1,400, 1,500 வாட். இண்டக்‌ஷன் 1,800 முதல் 2,000 வரை போகும். இவற்றுக்கு ஏசிக்கும் கீசருக்கும் போடுவது போன்ற 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். பழைய வீடுகளின் சமையலறையில் பவர் பிளக் ஒன்றுதான் இருக்கும், அதில் பிரிட்ஜோ தண்ணீர் சுத்திகரிப்பானோ உட்கார்ந்திருக்கும். அடாப்டர் போட்டுச் சின்ன பாயிண்டில் செருகுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று மெஷினைச் சொருகுவதும் ஒயர் உருகுவதற்கான வழி. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு பவர் பாயிண்ட் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவும் மெஷின் விலையில் சேர்ந்ததுதான்.

அடுத்தது துலக்குதல். கடையில் பார்க்கும்போது, "இதைச் சாப்பிட்ட கையோடு நான் எப்படிக் கழுவுவேன்?" என்று அங்கேயே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பாருங்கள். பழத்தை மெதுவாக நசுக்கிப் பிழியும் கோல்ட் பிரஸ் ஜூஸர் இங்கேதான் தோற்கும். சல்லடை, திருகு, கிண்ணம், பிரஷ் என்று அத்தனை பாகம், அந்தச் சல்லடைக் கண்ணில் நார் காய்ந்துவிட்டால் போச்சு. ஒரு டம்ளர் சாத்துக்குடிக்கு இவ்வளவா? நாரும் சக்கையில் போய்விடுகிறது. பழத்தை அப்படியே சாப்பிடுங்கள்.

படி 4: கரண்ட் கணக்கு

"இண்டக்‌ஷன் கேஸை விட மலிவு" என்பாரும் உண்டு, "பில் எகிறிவிடும்" என்பாரும் உண்டு. இரண்டும் வீட்டுக்கு வீடு உண்மை. நீங்களே போட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

ஒரு வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு கிலோ எரிந்தால் வரும் வெப்பம் ஏறத்தாழ 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆக ஒரு சிலிண்டரில் சுமார் 180 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. ஆனால் அடுப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும், மீதி பக்கவாட்டில் போய்ச் சமையலறையைச் சூடாக்கும். அதனால் கைக்கு வருவது 120 யூனிட் போல. இண்டக்‌ஷனில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்விடுகிறது, ஏனென்றால் அங்கே பாத்திரத்தின் அடிதான் சூடாகிறது, அடுப்பு அல்ல. ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷனில் சுமார் 140 யூனிட் ஆகும்.

இப்போது சிலிண்டர் விலையை 140-ஆல் வகுங்கள். 900 ரூபாய் என்று வைத்தால் 6 ரூபாய் 40 காசு வரும். உங்களுக்குக் கூடுதலாக ஆகும் ஒவ்வொரு யூனிட்டும் இதைவிட மலிவாக இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், அதிகமாக இருந்தால் கேஸ் லாபம். வீட்டு அடுப்பில் சின்னப் பாத்திரத்தை வைத்துத் தீயைப் பெரிதாக எரிப்பவர்களுக்கு கேஸ் இன்னும் வீணாகும், அவர்களுக்கு இண்டக்‌ஷன் பக்கம் கொஞ்சம் சாயும்.

தமிழ்நாட்டில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இங்கே மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில், அடுக்கடுக்காக ஏறும். மேல் அடுக்குக்குப் போகப் போக யூனிட் விலையும் கூடிக்கொண்டே போகும். பில்லில் உள்ள மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைப் பார்க்காதீர்கள். இண்டக்‌ஷனால் சேரும் யூனிட்கள் எல்லாம் உங்கள் கடைசி அடுக்கில்தான் போய் விழும், ஆகவே அந்த அடுக்கின் விலையைத்தான் மேலே வந்த 6 ரூபாய் 40 காசோடு ஒப்பிட வேண்டும். ஏசி இல்லாத சின்னக் குடும்பத்துக்கு இண்டக்‌ஷன் கட்டுப்படியாகலாம். கோடையில் இரவெல்லாம் ஏசி ஓடும் வீட்டில் கேஸ்தான் மலிவு.

செலவைத் தாண்டியும் இண்டக்‌ஷனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சிலிண்டர் நடுச்சமையலில் தீர்ந்துபோகும் வீட்டுக்கும், விடுதி அறைக்கும், அனல் ஆகாதவர்களுக்கும் அது நல்ல துணை. வாங்குவதற்கு முன் ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள். அலுமினிய இட்லிப் பானை, மண் சட்டி, பித்தளை உருளி எதிலும் ஒட்டாது, அவை இண்டக்‌ஷனில் சூடாகவும் செய்யாது. குழிவான இரும்பு வாணலியில் காந்தம் ஒட்டும், ஆனால் அடி தட்டையாக இல்லாததால் பிரயோஜனம் இல்லை. வார்ப்பிரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைக்காமல் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் கல் விரிசல் விடும். மலிவான மாடல்களில் "சிம்" என்று ஒன்று கிடையாது. கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் நிறுத்தம் என்று விட்டு விட்டு ஓடும். பால் காய்ச்சும்போது இது நன்றாகவே தெரியும்.

படி 5: ஏர் ஃபிரையரை விவரமாகப் பார்ப்போம்

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாக. 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயரில் பொரிப்பது இருந்தாலும், உள்ளே இருப்பது ஒரு சின்ன ஓவன். மேலே ஒரு கம்பிச் சுருள், அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. குறுகிய இடத்தில் சூடான காற்று சுற்றிச் சுற்றி அடித்து, மேல்பரப்பின் ஈரத்தை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது.

இது புரிந்தால் எது வரும், எது வராது என்பது தானாகவே தெரிந்துவிடும். எண்ணெய் சூட்டை மிக வேகமாகக் கடத்தும். பஜ்ஜி மாவு எண்ணெயில் விழுந்த கணத்தில் மேலே இறுகிவிடுவது அதனால்தான். காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. கரைத்த மாவு இறுகுவதற்குள் கூடையின் ஓட்டை வழியாக வழிந்துவிடும். ஆகவே பஜ்ஜி, போண்டா, பூரி, அதிரசம் இவற்றையெல்லாம் மறந்துவிடுங்கள். மெதுவடையை எப்படியாவது வட்டமாகத் தட்டி வைத்தால் வேகும், ஆனால் வருவது வடை இல்லை, உளுந்து பன். முறுக்கு உலர்ந்து கடுக்கென்று ஆகும். எண்ணெய் இல்லாத பலகாரம் என்று விளம்பரப் படங்களில் காட்டுவதை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சரி, எதற்கு நன்றாக இருக்கும்? எண்ணெய் பிசிறிச் சுருள வதக்கும் ரோஸ்ட் வகைகளுக்கு. சேப்பங்கிழங்கைக் குழையாமல் வேகவைத்து, உரித்து, இரண்டாக வெட்டி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசிறி, 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒரு முறை கூடையைக் குலுக்க வேண்டும். வாணலியில் அரை மணி நேரம் கிளறினால் வருவது நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் தயார். உருளைக்கிழங்கு, கருணைக்கிழங்கு, வாழைக்காய், காலிஃபிளவர் எல்லாமே இதே வழி. வேர்க்கடலையை 160 டிகிரியில் 10, 12 நிமிடம் வைத்தால் கருகாமல் வறுபடும். மசாலா தடவிய கோழித் துண்டுகளும் அருமையாக வரும். மீன் வேகும், ஆனால் தோசைக்கல்லில் வறுத்த மீனின் ஓரத்தில் பிடிக்கும் அந்த மசாலா இதில் வராது. அதற்காகவே மீன் சாப்பிடுகிறவர்கள் கல்லை விட்டுவிட வேண்டாம்.

முந்தின நாள் வாங்கிய சமோசாவையும் பஃப்ஸையும் மறுபடி மொறுமொறுப்பாக்குவதில் இதை அடிக்க ஆளில்லை. அப்பளத்தில் லேசாக எண்ணெய் தடவி வைக்கலாம், ஆனால் விசிறிக் காற்றில் பறந்து மேலே கம்பிச் சுருளில் போய் ஒட்டிக் கருகும். மேலே சின்னக் கம்பித் தாங்கி ஒன்றை வைத்து அமுக்க வேண்டும். கறிவேப்பிலைக்கும் இதே பிரச்சினை, அதைக் கடைசியில் வெளியே தாளித்துச் சேருங்கள். ஒட்டாமலிருக்கக் கூடையின் அடியில் காகிதம் போடுபவர்கள் காலிக் கூடையில் காகிதத்தை மட்டும் வைத்துச் சூடேற்றக் கூடாது, அதுவும் பறந்து எரியும்.

அளவையும் பாருங்கள். 4 லிட்டர் என்று போட்டிருந்தாலும் நிரப்பிப் போட்டால் வேகத்தான் செய்யும், மொறுமொறுப்பு வராது. ஒரே அடுக்காகப் பரப்பினால் அரைக் கிலோ கிழங்குக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். இரண்டு மூன்று பேருக்கு அது போதும். ஆறு பேர் உள்ள வீட்டில் முதல் ஈடு சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அடுத்த ஈடு வரும். கூட்டுக் குடும்பத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கழுவும்போது கூடையை மட்டும் கழுவிவிட்டு, மேலேயுள்ள சுருளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே தெறித்த கொழுப்பு அடுத்த முறை புகையும். நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கூடையின் கோட்டிங் மேல் இரும்பு நார் படக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 6: மற்றவை

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர். கனடாவின் ஒட்டாவாவில் ராபர்ட் வாங் என்பவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய இன்ஸ்டன்ட் பாட் 2010-இல் வந்து, இந்த வகையையே பிரபலமாக்கியது. அமெரிக்கா, கனடாவில் இருக்கும் நம்மவர்கள் வீட்டில் இதன் புகழைக் கேட்டு இங்கே வாங்குகிறவர்கள் உண்டு. அங்கே விசில் குக்கரை அறியாதவர்களுக்கு அது அதிசயம். நமக்கு அப்படி இல்லை. சாதமும் பருப்பும் வைக்க கேஸ் குக்கர் இதைவிட வேகமானது. எலக்ட்ரிக் குக்கர் பிரஷர் ஏறவே பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும், தானாக இறங்க இன்னும் பத்துப் பதினைந்து.

இதன் பலம் வேகத்தில் இல்லை, பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பதில் இருக்கிறது. அடுப்பை அணைக்க மறக்கும் வயதானவர்கள் தனியே இருக்கும் வீடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டே சமைக்க வேண்டிய வீடு, இங்கெல்லாம் விலை நியாயம்தான். மூடியின் சிலிக்கோன் வளையம் சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு விடாது. பாயசத்துக்குத் தனி வளையம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளையம் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும்.

சாதம் மட்டும்தான் என்றால் சாதாரண எலக்ட்ரிக் ரைஸ் குக்கரே போதும். 1955-இல் தோஷிபா ஜப்பானில் கொண்டுவந்தபோது இருந்த தத்துவம்தான் இன்றும்: தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் வற்றிச் சூடு ஏறியதும் தானாக அணைந்துவிடும். கெட்டுப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை.

கிரைண்டர். இது "டிரெண்டி" இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. வாரம் ஒரு முறை மாவு அரைக்கும் வீட்டில், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது இதுதான். மிக்ஸியின் பிளேடு வேகத்தில் மாவு சூடாகும், உளுந்து அந்த அளவுக்குப் பொங்காது. கல் மெதுவாகச் சுற்றிக் காற்றை அடக்கி அரைப்பதால் இட்லி பூவாக வரும். பாக்கெட் மாவே போதும் என்று முடிவெடுத்துவிட்ட வீட்டுக்கு இந்தப் பேச்சு தேவையில்லை.

மைக்ரோவேவ், சூடு பண்ணுவதற்கு. ஆளுக்கொரு நேரம் சாப்பிடும் வீட்டில் இது தினமும் உழைக்கும், சூடு மட்டும் பண்ணும் அடிப்படையான சோலோ மாடலே போதும். கிரில், கன்வெக்‌ஷன் எல்லாம் சேர்ந்த விலை உயர்ந்த மாடலை வாங்கிப் பால் மட்டும் சூடு பண்ணும் வீடுகள்தான் அதிகம். மாதம் இரண்டு முறையாவது கேக், ரொட்டி செய்கிறவர்கள் தனியாக ஓடிஜி வாங்குவது நல்லது.

சப்பாத்தி சுடும் ரொட்டி மேக்கர் வேண்டாம். மாவை வழக்கத்தை விடத் தளர்வாகப் பிசைந்து, பதம் பழகி, அப்படியும் பாதி அப்பளம் போல் ஆகும். கயிறு இழுக்கும் சாப்பர் சில நூறு ரூபாய்தான், குருமாவுக்கும் ஆம்லெட்டுக்கும் வெங்காயம் நறுக்க நல்லது, பொரியலுக்கு ஆகாது. முட்டை வேகவைக்கும் மெஷின், பாப்கார்ன் மெஷின், தனி சாண்ட்விச் மேக்கர், இவை அன்பளிப்பாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

படி 7: வாங்கும்போதும் வந்த பிறகும்

முதலில் இரவல் கேளுங்கள். ஏர் ஃபிரையர் வைத்திருக்கும் சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ கட்டாயம் இருப்பார்கள், அதிலும் பாதிப் பேர் எடுத்துக்கொண்டு போ என்றே சொல்வார்கள். ஒரு வாரம் வைத்துப் பழகினால் கடைக்காரரின் விளக்கத்தை விட அதிகம் தெரியும். ஆவலாக இரவல் கொடுப்பவரிடம், "ஏன் இப்போது பயன்படுத்துவதில்லை?" என்று மறக்காமல் கேளுங்கள்.

வாங்க முடிவெடுத்தால், தள்ளுபடிச் சதவீதத்துக்கு முன் உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றால் அந்த வாரண்டி காகிதத்தில்தான் இருக்கும். மாற்றுக் கூடை, வளையம், ஜார் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். தொடுதிரையும் வைஃபையும் உள்ள மாடலை விட, திருகு பட்டன் இரண்டு மட்டும் உள்ளதையே எடுப்பேன். ஈரக்கை படும் இடம் அது, பழுது பார்ப்பதும் எளிது.

வீட்டுக்கு வந்ததும் அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று பில்லிலேயே பார்த்து, அதற்குள் முதல் படியில் எழுதிய தாளிலுள்ள வேலைகளை மட்டும் அதில் செய்யுங்கள். மைதா பிஸ்கட்டும் பீட்சாவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அதைத் துலக்குகிறவரிடம் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். அவகாசம் தாண்டிவிட்டால் ஆறு மாதத்துக்குள் விற்றுவிடுங்கள். வாரண்டி பாக்கி இருக்கும்போது பாதி விலையாவது தேறும்.